கிணத்துக்குள்ள என்ன கிடக்கு எண்டு யாரைக் கேக்கிறது?

எங்களில் ஒருத்தரின் குடும்பக் காணி போர்க்காலத்தில் ஒரு முகாமுக்குள் போனது. கனகாலம் கழித்து ஒருநாள் திரும்பி வந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். பளையிலிருந்து காலமை மோட்டார்சைக்கிளில் வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவு தூரம்தான். கையளிக்கிற அன்று பந்தல் போட்டார்கள், படம் எடுத்தார்கள், ஒரு கடிதமும் தந்தார்கள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம். தென்னைகளில் மூன்று மிச்சம். கிணறு மட்டும் கட்டுக்குலையாமல் இருந்தது.

அடுத்த கிழமை நாங்கள் ஆறேழு பேர் போய்க் கிணறு இறைத்தோம். வாட்டர் பம்ப் வைத்து இரண்டு தரம் அடிமட்டம் வரைக்கும் இறைத்து, சேறு அள்ளி, குளோரின் போட்டு விட்டோம். மூன்றாம் நாள் தண்ணி ஊறி நின்றது. மேலே ஒரு மெல்லிய மினுக்கம். வெயில் பட்டால் நிறம் மாறுகிற மாதிரி. அம்மா செம்பில் கொஞ்சம் அள்ளி மணந்து பார்த்தா.

"தம்பியவை, இது குடிக்கலாமோ?"

அந்த முகாமில் டீசல் வைத்திருந்தார்களா, எந்த மூலையில் வைத்திருந்தார்கள், வாகனம் திருத்தினார்களா, மலசலகூடக் குழி எத்தனை வெட்டினார்கள், குப்பையை எரித்தார்களா புதைத்தார்களா: இவற்றில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. விசாரிக்கப் போன ஒரு அலுவலகத்தில் (எது என்று சொல்லவில்லை, அங்கே இருந்தவரும் பாவம், நல்ல மனிசன்) "முகாம் இருந்த இடமெண்டா எங்களிட்ட ஒரு பதிவும் இல்லை" என்றார்கள். அங்கிருந்து வெளியே வந்தபிறகுதான் நாங்கள் சட்டத்தை வாசிக்கத் தொடங்கினோம்.

இலங்கையின் தேசிய சுற்றாடல் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம். 1988 இல் அதைத் திருத்தி, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என்று ஒரு பகுதி சேர்த்தார்கள். எந்தெந்தத் திட்டம் என்று 1993 ஜூனில் வர்த்தமானியில் பட்டியல் வந்தது. வாசிக்க அலுப்பான பட்டியல்தான், ஆனால் எங்கட வாழ்க்கை முழுக்க அதற்குள் கிடக்கிறது. 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது. 50 ஹெக்டேயருக்கு மேல் நிலம் துப்புரவாக்குவது. 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்புவது. 99 அறைக்கு மேற்பட்ட ஹொட்டேல். துறைமுகம், விமான நிலையம். வனவிலங்குச் சரணாலயத்துக்குப் பக்கத்தில் வந்தால் பட்டியலில் உள்ள அநேகமான திட்டங்களுக்கு அளவுக் கணக்கும் இல்லை, சின்னதென்றாலும் அறிக்கை வேண்டும். அறிக்கை வந்தால் பொதுமக்கள் பார்க்கலாம், 30 நாளுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். திட்டத்தைச் செய்கிறவரே அதற்கு அனுமதி கொடுக்கிறவராகவும் இருக்க முடியாது, அப்படி வந்தால் மத்திய சுற்றாடல் அதிகார சபை வேறொரு நிறுவனத்தை நியமிக்கும்.

அந்தப் பட்டியலில் இராணுவ முகாம் இல்லை. கடற்படைத் தளம் இல்லை. சூட்டுப் பயிற்சித் திடல் இல்லை.

நாங்கள் வாசித்த அளவில், படைகளுக்கு விலக்கு என்று சொல்கிற வரியும் சட்டத்தில் இல்லை. பட்டியல் ஆளைப் பார்த்துப் போடப்பட்டதில்லை, வேலையைப் பார்த்துப் போடப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு படைப்பிரிவு 1 ஹெக்டேயருக்கு மேல் காடு வெட்டினால் அதுவும் அகப்படத்தான் வேண்டும். ஆனால் முள்ளுக்கம்பிக்கு உள்ளே எத்தனை ஹெக்டேயர் வெட்டுப்பட்டது என்று யார் அளக்கப் போவது? காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் ஒட்டினாலும் அது சொந்தக்காரர் யார், நட்டஈடு எவ்வளவு என்றுதான் கேட்கும். 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு அந்த அறிவித்தல் வந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் தங்கட காணிக்காக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அத்தனை கிணறு, அத்தனை பனைக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி அந்த அறிவித்தலில் வருவதற்கு இடமே இல்லை.

மன்னாரை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். அதானியின் 250 மெகாவாட் காற்றாலைத் திட்டத்துக்குச் சுற்றாடல் அறிக்கை 2024 தொடக்கத்தில் வெளியே வந்தது. பறவைகள் வந்துபோகிற பாதை, வெள்ளம் வடிகிற வழி, மீன்பிடி என்று எல்லாத்தையும் ஆட்கள் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டே கிழித்தார்கள். உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. விலகியதற்கு மின்சார விலை இழுபறியும் காரணம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் எதிர்க்கிறவர்களின் கையில் ஒரு அறிக்கை இருந்தது. எங்கட பளைக்கு வாறவை முதல் காண்கிற காற்றாலைகளையும் ஒரு கம்பனிக்காரனிடம் "என்ன செய்யிறாய்?" என்று கேட்கலாம். பக்கத்து முகாமிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு படிவம்கூட இல்லை.

இதற்குள் ஒருத்தர் எங்கட குழுவில் அமெரிக்கச் செய்தி ஒன்றைப் பகிர்ந்தார். அங்கே 1970 இலிருந்து தேசிய சுற்றாடல் கொள்கைச் சட்டம் இருக்கிறது. அரசாங்க நிறுவனம் எதுவும் பெரிய வேலை தொடங்க முதல் சுற்றாடல் பாதிப்பை ஆராய்ந்து எழுதவேண்டும், படைகளும் அதற்குள் அடக்கம். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தனித்தனி விதிகள் இருந்தன. 2025 ஜனவரி 20 இல் ட்ரம்ப் பதவியேற்ற அன்றே இதைக் கலைக்கிற வேலை தொடங்கிற்று. எல்லா நிறுவனங்களுக்குமான பொது விதிகள் ஏப்ரல் 11 உடன் இல்லாமல் போயின. ஜூன் கடைசியில் பாதுகாப்புத் திணைக்களம் மூன்று படைகளின் விதிகளையும் தூக்கிவிட்டு ஒரே நடைமுறையைக் கொண்டுவந்தது. அறிக்கைக்கு 150 பக்கம், இரண்டு வருடம் என்ற எல்லை 2023 சட்டத்திலேயே வந்துவிட்டது. அதில் எங்களுக்குப் பெரிய கோபமில்லை, ஆயிரம் பக்க அறிக்கையை எந்த ஊர்ச் சனம் வாசிக்கப்போகுது? வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது கட்டாயம் என்றிருந்தது தளர்ந்ததுதான் இழப்பு.

செய்தியை வாசித்துவிட்டு எங்களில் ஒருத்தி சொன்னாள்: "அங்க விதியை மாத்தினதுக்குச் சண்டை பிடிக்கினம். எங்களிட்ட மாத்துறதுக்கே ஒரு விதி இல்லையே." சிரித்தோம். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

இந்தியாவிலும் கதை இதே திசையில்தான் போகிறது. 2006 அறிவிக்கையே தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட திட்டங்களுக்கு, 'மூலோபாயக் காரணம்' என்று மத்திய அரசு சொல்கிற திட்டங்களுக்கு, மக்கள் கருத்துக் கேட்கத் தேவையில்லை என்றது. 2020 வரைவு அந்தத் திட்டங்கள் பற்றிய தகவலையே பொதுவில் வைக்கத் தேவையில்லை என்றது. தமிழ்நாட்டில் அந்த வருடம் எழுந்த எதிர்ப்பு உங்களில் கனபேருக்கு ஞாபகம் இருக்கும். 2022 இல் எல்லையிலிருந்து 100 கிலோமீற்றருக்குள் போடுகிற பாதுகாப்பு நெடுஞ்சாலைகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்றானது. 2023 வனச் சட்டத் திருத்தமும் அதே 100 கிலோமீற்றரைப் பிடித்துக்கொண்டது. பெரிய நிக்கோபார் தீவைப் பாருங்கள். துறைமுகம், நகரம், மின் நிலையம், அதோடு கடற்படையும் பாவிக்கிற ஒரு விமான நிலையம். சுமார் 130 சதுர கிலோமீற்றர் காடு போகிறது. விமான நிலையம் 'மூலோபாயம்' என்றதும் மற்றதெல்லாம் பற்றிய தகவலும் அதன் நிழலுக்குள் போய் ஒதுங்கிவிட்டது.

அந்த நிழலை நாங்கள் இங்கே நன்றாகவே அறிவோம். சுண்டிக்குளத்தில் இராணுவம் விடுதி நடத்துகிறது. காங்கேசன்துறையில் தல்செவன. காரைநகருக்குப் பக்கத்தில் கடலுக்குள் நிற்கிற ஹம்மன்ஹீல் கோட்டையில் கடற்படையின் விடுதி. கடற்கரை அறை, இறால் பொரியல், கல்யாண வரவேற்பு. இதில் நாட்டின் எந்த இரகசியம் இருக்கிறது? சுண்டிக்குளம் 1938 இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015 இலிருந்து தேசிய பூங்கா. அந்தக் கரையில் எங்கட ஊர் ஆள் ஒருத்தர் பத்து அறையில் ஒரு விடுதி கட்ட நினைத்தால், எத்தனை திணைக்களத்தின் படி ஏறவேணும் என்று யோசித்துப் பாருங்கள். படி ஏறத்தான் வேணும், நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. இரால், அறை, படகுச் சவாரி விற்கிறவர் சீருடை போட்டிருந்தாலும் அதே படிதான் என்கிறோம்.

"பாதுகாப்பு விசயத்தை வெளியில சொல்ல ஏலுமோ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1981 இல் ஹவாயில் இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கடற்படை ஒரு களஞ்சியம் கட்டியது, அதில் அணுவாயுதம் வைக்கலாம் என்று ஊர்ச் சனத்துக்குப் பயம். அங்கே அணுவாயுதம் இருக்கா இல்லையா என்று சொல்லவே கடற்படைக்குக் கடமையில்லை, அறிக்கையை வெளியிடவும் தேவையில்லை என்றது நீதிமன்றம். வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: வெளியிடத் தேவையில்லை என்பதால் ஆராயத் தேவையில்லை என்று ஆகாது, அப்படி ஒரு திட்டம் உண்மையாக இருந்தால் தங்கட முடிவுக்காகவாவது உள்ளுக்குள் எழுதி வைக்கவேண்டும். எங்களுக்கு இது பெரிய விசயமாகப் பட்டது. ஆயுதம் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. டீசல் எங்கே என்று கேட்கிறோம்.

அதே ஹவாயில் 2021 நவம்பரில் கடற்படையின் ரெட் ஹில் எரிபொருள் தாங்கித் தொகுதியிலிருந்து கசிந்து குடிதண்ணிக்குள் போனது. ஏறத்தாழ 93,000 பேர் பாவித்த குழாய்த் தண்ணி. அதில் பெரும்பாலானவர்கள் படைக் குடும்பங்கள், முதலில் வருத்தம் வந்தது அந்தப் பிள்ளைகளுக்கு. அந்தத் தாங்கிகள் நிலத்தடி நீருக்கு 100 அடி மேலே இருந்தன. பச்சிலைப்பள்ளியில் 100 அடி என்கிற கதையே இல்லை. ஒரு பக்கம் கிளாலிக் கடல், மறுபக்கம் வடமராட்சி கிழக்கின் கடல், நடுவில் ஒடுங்கின ஒரு மணல் துண்டு. மாரி மழை மண்ணுக்குள் இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது, அதைத்தான் குடிக்கிறோம். சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றின கிணறுகளுக்கு எண்ணெய் என்ன செய்தது என்பதை உயர் நீதிமன்றமே 2019 ஏப்ரலில் எழுதி வைத்திருக்கிறது. கம்பனி 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பு. அங்கே கம்பனியின் பெயர் இருந்தது, வழக்குப் போட ஒரு முகவரி இருந்தது.

எங்கட பக்கத்திலிருந்து வருகிற மறுப்புத்தான் இதைவிடக் கடினம். ஒரு அண்ணை கேட்டார்: "காணியைத் தா எண்டு சனம் றோட்டில இருக்குது. நீங்கள் சுற்றாடல் அறிக்கை கேக்கிறியளோ? அறிக்கை எழுதித் தந்தா முகாம் இருக்கலாமோ?" கேப்பாப்பிலவுச் சனம் 2017 இல் வெயிலுக்குள்ளும் பனிக்குள்ளும் இருந்தது, 2018 இல் இரணைதீவுச் சனம் தாங்களாகவே வள்ளம் எடுத்துக்கொண்டு போய்த் தங்கட தீவில் இறங்கியது, எல்லாம் எங்களுக்குத் தெரியும். அந்தக் கோரிக்கைக்கு இது பதிலாக முடியாது. அதற்குப் பக்கத்தில் வைக்கிற இன்னொரு கோரிக்கை.

சுற்றாடல் என்ற சொல்லிலேயே வன்னிச் சனத்துக்கு நம்பிக்கை இல்லை, அதற்கும் காரணம் இருக்கிறது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து பார்த்தால் வயலுக்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல். நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமானது, வலை போடுகிறவன் ஒவ்வொரு எல்லையையும் பார்த்துத்தான் போடவேண்டும். அதே நந்திக்கடலின் வாயில், வட்டுவாகலில், கோட்டாபய கடற்படை முகாமுக்கு 617 ஏக்கர் எடுக்க அளவையாளர்கள் வரும்போதெல்லாம் சனம் மறித்து நிற்கிறது. ஒரு பனையைத் தறிக்க நாங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் அனுமதி எடுக்கவேணும். சட்டம் எங்கட பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சனம் சட்டத்தையே வெறுக்கும். அப்படி வெறுத்தால் நாளைக்குக் கள்ள மணல் ஏற்றுகிறவனைக் கேட்கவும் ஒரு சட்டமும் மிஞ்சாது. அதனால்தான் இந்தச் சட்டத்தைக் கைவிடாமல், எல்லாருக்கும் போடு என்று கேட்கிறோம்.

பனை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் நாங்கள் நேர்மையில்லை. முகமாலையில் இருந்து ஆனையிறவு வரைக்கும் பங்கருக்குத் தறிபட்ட பனைகளையும் தென்னைகளையும் ஒரு தரப்பு மட்டும் தறிக்கவில்லை. மண் அணைகளை இரண்டு பக்கமும் எழுப்பினார்கள். கண்ணிவெடியும் இரண்டு பக்கமும் புதைத்ததுதான். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் எல்லாத்தையும் அகற்றவேண்டும். முகமாலையில் இன்றைக்கும் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறுகிற அக்காமார் அந்தக் கணக்கைத்தான் தீர்க்கிறார்கள். புதைத்த இடத்துக்கு ஒழுங்கான வரைபடம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று பளையாருக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வெடிக்கென்றாலும் தேடுகிறதுக்கு ஒரு முறை இருக்கிறது, சிவப்புத் தடி இருக்கிறது, அகற்றி முடிந்தால் கையளிக்கிற சான்றிதழ் இருக்கிறது. எண்ணெய்க்கும் குழிக்கும் இரசாயனத்துக்கும் அப்படி ஒன்று ஏன் இல்லை?

இப்போதே கேட்கவேண்டும் என்கிறதற்குக் காரணம் உண்டு. இராணுவ ஆளணியை 2030 ஆம் ஆண்டளவில் 100,000 ஆகக் குறைப்பதாகப் பாதுகாப்பு அமைச்சு 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆள் குறைந்தால் முகாமும் குறையத்தான் வேணும், அப்போது காணிகள் துண்டு துண்டாகத் திரும்பி வரும். வருகிற ஒவ்வொரு துண்டோடும் ஒரு தாள் வரவேண்டும்: இங்கே இன்ன இடத்தில் எரிபொருள் வைத்தோம், இன்ன இடத்தில் குழி வெட்டினோம், இதைப் புதைத்தோம். கிணற்றுத் தண்ணியைப் பரிசோதித்த முடிவும் அதோடு வரவேணும், செலவு படையினுடையது. இதற்குச் சட்டம்கூட மாறத் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை காணும். புதிதாக முகாம் போடுகிறதையும் பெருப்பிக்கிறதையும் 1993 பட்டியலில் சேர்க்க அமைச்சரின் ஒரு வர்த்தமானி போதும். இரகசியமான பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளட்டும், மிச்சத்தை 30 நாள் எங்கட கையில் தரட்டும், தமிழில். விடுதி, தோட்டம், கடை நடத்துகிற படைக்குக் கிழிக்கிறதுக்கு ஒரு பக்கமும் இருக்கக்கூடாது. தேசிய சுற்றாடல் சட்டத்தைப் புதுப்பிக்கிற கதை வருடக்கணக்காக நடக்கிறது, வடக்கிலிருந்து போன எம்பிமார் அந்த மேசையில் இதை ஒருக்கால் எடுத்து வைத்தால் என்ன?

2016 தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசப் பாதுகாப்பு என்று மறுக்க இடம் கொடுக்கிறது. அதே சட்டம் பொது நலன் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கட விண்ணப்பம் எழுதியாகிவிட்டது. கேட்டிருப்பது ஒரு கிணற்றைச் சுற்றி ஐம்பது மீற்றருக்குள் என்ன இருந்தது என்று மட்டும்.

தண்ணியை நாங்களே காசு சேர்த்து ஒரு ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனோம். கண்ணாடிப் போத்தல்தான் வேணும், பிளாஸ்ரிக் சரிவராது என்று திருப்பி அனுப்பினார்கள், இரண்டாம் தரம் போனோம். மேசையில் இருந்த பிள்ளை ஒரு படிவத்தைத் தந்தது. கிருமி, நைத்திரேற்று, குளோரைட்டு, வன்மை என்று பெட்டி பெட்டியாக இருந்தது. எண்ணெய்க்குத் தனிக் காசு. பார உலோகத்துக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காசு. "எதைப் பாக்கோணும் எண்டு நீங்கள்தான் சொல்லோணும் அண்ணா" என்றது பிள்ளை. நாங்கள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கையில் இருந்த காசுக்கு மூன்று பெட்டியில் புள்ளடி போட்டோம்.

முடிவு இன்னும் வரவில்லை. அம்மா காலமையில் பக்கத்து வளவில் இருந்து இரண்டு கானில் தண்ணி எடுத்து வாறா. கிணற்றடியில் இரண்டு தென்னம்பிள்ளை வைத்திருக்கிறா. அதுக்கும் கானில் இருந்துதான் ஊற்றுறா.